வெட்டிய மட்டையின் வாசனை

(நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் செய்திமடலுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



எனக்கு முன்னால் பேசியவர் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசினார். எனக்குப் பின்னால் டீயும் பஜ்ஜியும் இருக்கின்றன. நடுவில் இருபது நிமிடம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பஜ்ஜி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதை என்று சொல்வார்கள். இந்த அணுபுரத்தில் வீட்டுக்கு ஒருவர் கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறார், அல்லது பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார். பத்தடி நடந்தால் ஒரு முனைவர் எதிரே வருவார். இங்கே வந்து நான், வெறும் பி.காம்., முப்பத்தாறு வருஷம் வங்கியில் லெட்ஜர் எழுதி நோட்டு எண்ணியவன், செடிகளின் வேதியியலைப் பற்றிப் பேசுவது அந்த ஊசி வியாபாரம்தான். நான் தவறாகச் சொன்னால் சி பிளாக் நண்பர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், கையைத் தூக்குவார். அவரோடு மூன்று மாலை நடைப்பயிற்சியில் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் இதில் பாதியைத் தெரிந்துகொண்டேன். மீதி, படித்தது.

இதைப் பேச வேண்டும் என்று ஏன் கேட்டு வாங்கினேன் என்றால், நம் வளாகத்தில் மூன்று தென்னை மரங்கள் செத்துப்போயின. அந்த மரங்களை வெட்டித் திருத்திய வவுச்சரில் இருப்பது என் கையெழுத்து.

நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. நமக்குக் கூப்பிடு தூரம். மறுநாள் காலையில் பார்த்தால் கார் நிறுத்தும் இடத்தில் தென்னை மட்டைகள் விழுந்து கிடந்தன. ஒரு காரின் முன்கண்ணாடி தூள். அந்தக் கார்க்காரர் சங்கத்திடம் கேட்டது நியாயமான கேள்வி: இதற்கு யார் பொறுப்பு? அதனால் அடுத்த வருஷம் மழைக்கு முன்பே, 2023 அக்டோபரில், மட்டைகளை வெட்டிவிடுவது என்று கமிட்டி முடிவெடுத்தது. ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். ஏழு மரத்துக்கும் சேர்த்து ஒரே ரேட். ஆட்கள் அரிவாளால் அடிமரத்தில் படி கொத்திக்கொண்டு ஏறினார்கள். காய்ந்த மட்டை, பச்சை மட்டை என்று பார்க்கவில்லை. நடுக்குருத்தைச் சுற்றி ஐந்தாறு ஓலையை விட்டு, மற்றதை மரத்தோடு ஒட்ட வெட்டினார்கள். முடி வெட்டி பவுடர் போட்ட பிள்ளை மாதிரி மரங்கள் நின்றன. வேலை சுத்தம் என்று நானே அவரைப் பாராட்டினேன். அதே டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. ஒரு மட்டை விழவில்லை. நம் முடிவு எவ்வளவு சரி என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டோம்.

பொங்கல் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்து மரத்தில் பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. சின்னச் சின்னத் துளைகள், அதில் மென்று துப்பிய மாதிரி நார். தேங்காய் பறிக்க வரும் தம்பி, சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிறவர், மரத்தில் காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். உள்ளே நறநறவென்று சத்தம். முறுக்கு தின்கிற சத்தம் மாதிரி. எனக்குக் கை சில்லிட்டுப்போனது.

“கூன்வண்டு சார். உள்ள புழு தின்னுது. இது போச்சு” என்றார்.

“எப்படித் தம்பி வந்தது? இத்தனை வருஷம் இல்லையே?”

“பச்ச மட்டய வெட்டினீங்க இல்ல? வெட்டினா வாசன அடிக்கும் சார். அந்த வாசனைக்கு வண்டு வரும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

நான் அதைப் பாதிதான் நம்பினேன். தொழில்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு, அதில் ஒன்று இது என்று நினைத்தேன். வெட்டிய மட்டைக்கு என்ன வாசனை? நம் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லையே! சித்திரை வருவதற்குள் அந்த மரத்தின் கொண்டை சாய்ந்தது. அடுத்த மாதமே இன்னொன்று. அதற்குப் பிறகுதான் இந்த வாசனை விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தத் தம்பி சொன்னதில் ஒரு சொல் கூடத் தப்பில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சமையலறையிலேயே ஆரம்பிக்கலாம். முழு வெங்காயத்தைக் கையில் வைத்து முகர்ந்து பாருங்கள், கண் எரியாது. கத்தி பட்டதும் எரிகிறது. காரணம், கண்ணை எரிக்கும் பொருள் வெங்காயத்தில் முன்கூட்டியே இருப்பதில்லை. மூலப்பொருள் ஓர் அறையில் இருக்கிறது, அதை மாற்றும் நொதி வேறோர் அறையில் இருக்கிறது. கத்தி இரண்டு அறைக்கும் நடுவிலிருக்கும் சுவரை உடைக்கிறது. இரண்டும் கலந்து அந்த நொடியில் ஆவி பிறக்கிறது. கடுகும் இதே ஏற்பாடுதான். முழுக் கடுகு சாது. தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒன்று மேனேஜரிடம், ஒன்று கேஷியரிடம் என்று நாங்கள் வைத்திருந்த மாதிரி. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இங்கே சாவியைச் சேர்த்து வைப்பது திருடனே.

துளசி, கற்பூரவல்லி, நொச்சி இவை வேறு வகை. எண்ணெயை முன்கூட்டியே தயாரித்து இலையின் மேல் நுண்ணிய பைகளில் நிரப்பி வைத்திருக்கின்றன. கசக்கினால் பை உடைந்து வாசனை வருகிறது. கையிருப்பு ரொக்கம் மாதிரி.

நம் புல்தரையில் மெஷின் ஓடும் காலையில் ஒரு பச்சை வாசனை வருமே, ஏ பிளாக்கில் பலருக்குப் பிடித்த வாசனை, அது புல்லின் காயத்திலிருந்து வருவது. இலை கிழிந்ததும் அதன் செல் சவ்வில் இருக்கும் கொழுப்பு உடைகிறது. சில நொடிகளுக்குள் ஹெக்ஸினால் என்ற வகைப் பொருள்கள் உருவாகிக் காற்றில் கலக்கின்றன. புல் மட்டும் இல்லை, எந்தப் பச்சை இலையைக் கிழித்தாலும் ஏறக்குறைய இதே குடும்பத்து வாசனைதான்.

இதுவரை சொன்னதில் ஆச்சரியம் இல்லை. உடைந்தால் சிந்தும், அவ்வளவுதான். ஆச்சரியம் அடுத்தது. காயம் பட்ட செடி, சில மணி நேரம் கழித்து, முன்பு தன்னிடம் இல்லாத பொருள்களைப் புதிதாகத் தயாரித்து வெளியே விட ஆரம்பிக்கிறது. கடிபட்ட இலை மட்டும் இல்லை, கடிபடாத மற்ற இலைகளும் விடுகின்றன.

இதை முதலில் சொன்னவர்கள் நல்ல ஏச்சு வாங்கினார்கள். 1983-இல் அமெரிக்காவில் இரண்டு செய்திகள் வந்தன. டேவிட் ரோட்ஸ் என்பவர் வில்லோ மரங்களில் கம்பளிப்புழுக்களை விட்டுப் பார்த்தார். புழு விட்ட மரங்களின் இலை புழுவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. அது சரி. ஆனால் பக்கத்தில் புழுவே விடாத மரங்களின் இலையும் அப்படி ஆகியிருந்தது. வேர் வழியாகத் தொடர்பு ஏதும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று வழியாகச் சேதி போயிருக்குமோ என்றார். அதே வருஷம் இயன் பால்ட்வின், ஜாக் ஷூல்ட்ஸ் என்ற இருவர் மூடிய கூண்டுகளில் பாப்லர், மேப்பிள் நாற்றுகளை வைத்துச் சிலவற்றின் இலையைக் கிழித்தார்கள். கிழிபடாமல், அதே காற்றைச் சுவாசித்த நாற்றுகளும் இலையில் கசப்புச் சரக்கைக் கூட்டிக்கொண்டன. பத்திரிகைகள் ‘பேசும் மரங்கள்’ என்று எழுதின. அறிவியலாளர்கள் பலர் சிரித்தார்கள். சோதனை போதாது, புழுக்களுக்கு நோய் வந்திருக்கலாம், இப்படியெல்லாம் கேள்விகள். கேள்விகள் நியாயமானவைதான். ஒரு ஆடிட்டர் கேட்கிற கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லித்தான் அடுத்த முப்பது நாற்பது வருஷத்தில் இந்தத் துறை நிமிர்ந்தது.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் வேல மரங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு குடு மான்களை விஷம் வைத்துக் கொன்றன என்று ஒரு கதை வருஷத்துக்கு இரண்டு முறை நம் குழுவில் வரும். வேலிக்குள் அடைத்த மான்கள் இறந்தது உண்மை. இலையில் துவர்ப்புச் சத்து கூடியது பற்றியும் பேச்சு உண்டு. ஆனால் மரத்துக்கு மரம் காற்றில் சேதி போனது என்ற பகுதி, மற்ற சோதனைகள் அளவுக்கு உறுதியாக நிறுவப்படவில்லை. அதேபோல ‘செடி அலறுகிறது’ என்ற செய்தி. 2023-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார், தண்ணீர் இல்லாமல் வாடிய தக்காளிச் செடியும் தண்டு வெட்டுப்பட்ட செடியும் நம் காதுக்கு எட்டாத ‘டிக் டிக்’ ஒலியை விடுவதைப் பதிவு செய்தார்கள். அது மெய்தான். அலறல் என்பது தலைப்பு வைத்தவரின் கைச்சரக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது டபுள் பீன்ஸ் கதை. நம் காய்கறிக்காரர் ஊட்டி சரக்கு என்று விலை ஏற்றிச் சொல்வாரே, அதே டபுள் பீன்ஸ். நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் மார்செல் டிக் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1980-களில் கண்டது. இந்தச் செடியில் செஞ்சிலந்திப் பேன் உட்கார்ந்து சாறு உறிஞ்சினால், செடி ஒரு கலவை வாசனையை விடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வேறொரு வகைப் பேன் வருகிறது. வந்து, செஞ்சிலந்திப் பேனைத் தின்றுவிடுகிறது. செடியால் ஓடவோ அடிக்கவோ முடியாது. அடிக்கிறவனை வாசனையால் கூப்பிடுகிறது.

அடுத்து மக்காச்சோளம். 1990-இல் டெட் டர்லிங்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். இலையைப் புழு தின்றால் சோளம் வாசனை விட்டு, புழுவின் உடம்பில் முட்டையிடும் சிறு குளவியை வரவழைக்கிறது. சரி, அதே இலையைப் பிளேடால் கீறினால்? அந்த அளவுக்கு வாசனை வருவதில்லை. கீறிய இடத்தில் புழுவின் எச்சிலைத் தடவினால் வருகிறது. அதாவது செடிக்குப் பிளேடும் புழுவும் வேறு வேறு என்று தெரிகிறது. 1997-இல் எச்சிலில் இருக்கும் அந்தப் பொருளையே பிரித்தெடுத்து வாலிசிட்டின் என்று பெயர் வைத்தார்கள். நான் வங்கியில் பல வருஷம் கையெழுத்து சரிபார்க்கும் மேஜையில் இருந்தேன். காசோலை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கையெழுத்தைப் பார்த்துத்தான் ஆள் யார் என்று முடிவு செய்வோம். ஒரு சோளச் செடி அதே வேலையைச் செய்கிறது, மாதிரிக் கையெழுத்து அட்டைகூட இல்லாமல்.

நம் ஊர் சரக்கு இரண்டு இந்தக் கதைக்குள் இருக்கின்றன. ஒன்று, ஜாதிமல்லி. பிச்சி என்றும் சொல்வோம். கோயம்புத்தூர், சத்தியமங்கலம் பக்கம் வாசனைத் தொழிலுக்காகவே பயிர் செய்கிறார்கள். 1962-இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் இந்தப் பூவின் எண்ணெயிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து மெத்தில் ஜாஸ்மோனேட் என்று பெயர் வைத்தார்கள். மல்லிகையின் பெயர்தான். வெறும் நறுமணப் பொருள் என்றே வெகு நாள் நினைத்தார்கள். 1990-இல் எட்வர்ட் ஃபார்மர், கிளாரன்ஸ் ரயான் இருவரும், சேஜ்பிரஷ் என்ற பாலைவனப் புதரின் கிளையைத் தக்காளிச் செடிகளோடு ஒரே கூண்டில் அடைத்தார்கள். தக்காளியின் இலையில், புழுவின் ஜீரணத்தைக் கெடுக்கும் புரதம் உற்பத்தியாக ஆரம்பித்தது. புதர் காற்றில் விட்ட பொருள் எது என்று பார்த்தால், இதே மெத்தில் ஜாஸ்மோனேட். காயம் பட்ட செடியின் உள்ளே ஓடும் அபாயச் சேதியும் இந்தக் குடும்பத்துப் பொருள்தான். நம் வீட்டுப் பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளும் வாசனையில் ஒரு துளி, செடிகளுக்கு ஆபத்து மணி. இதைப் படித்த அன்று என் மனைவியிடம் சொன்னேன். “அப்போ பூ வாங்கிட்டு வராததுக்கு இது ஒரு சாக்கா?” என்றாள்.

இரண்டாவது, இங்கே என் வயதுக்காரர் எல்லோருடைய முழங்காலிலும் இருப்பது. ஊட்டிக்குப் போனால் விண்டர்கிரீன் தைலம் என்று குப்பியில் விற்பார்கள், நீலகிரி மலையில் வளரும் ஒரு புதரின் இலையிலிருந்து வடிப்பது. அதில் ஏறக்குறைய முழுக்க முழுக்க மெத்தில் சாலிசிலேட். வலிக்குத் தடவும் தைலங்களில் அந்த ‘சுர்ர்’ வாசனை அதுவே. 1997-இல் வந்த ஓர் ஆய்வு, வைரஸ் தாக்கிய புகையிலைச் செடி இந்த மெத்தில் சாலிசிலேட்டை ஆவியாக விடுகிறது, பக்கத்துச் செடி அதை உள்ளே இழுத்துத் தன் நோய் எதிர்ப்பை முடுக்கிக்கொள்கிறது என்று காட்டியது. ஒரு செடிக்கு ஜுரம் வந்தால் பக்கத்துச் செடி தைலம் தேய்த்துக்கொள்கிறது என்று நான் சொன்னால் சி பிளாக் நண்பர் முறைக்கிறார். சரி, வாபஸ்.

டார்ஜிலிங் தேயிலையைச் சொல்லாமல் போகக்கூடாது. கோடையின் தொடக்கத்தில் பறிக்கும் இலையில் திராட்சை மணம் வீசும், அதற்குத் தனி விலை. அந்த மணத்தில் பெரும் பங்கு, பச்சைத் தத்துப்பூச்சி கடித்ததால் இலை தயாரித்தது. பூச்சி கடிக்காத இலைக்கு அந்த விலை இல்லை. நமக்கு நல்ல டீ, செடிக்கு அது புகார் மனு.

எவ்வளவு தூரம் போகும் இந்த வாசனை? காடு முழுக்க மரங்கள் பேசிக்கொள்வதாகப் படம் எடுக்கிறார்கள். செடிக்குச் செடி என்று பார்த்தால் தூரம் மிகக் குறைவு. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் கார்பன் திறந்த வெளியில் சேஜ்பிரஷ் புதர்களை வெட்டிப் பார்த்ததில், பலன் சுமார் 60 சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான். ஏ பிளாக் செடி டி பிளாக் செடிக்குச் சொல்லாது. அப்படியானால் பக்கத்துச் செடிக்காக இவ்வளவு செலவு செய்து ஏன் விட வேண்டும்? பக்கத்துச் செடி தண்ணீருக்கும் வெயிலுக்கும் போட்டியாள் ஆயிற்றே! இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. செடி தன் சொந்தக் கிளைக்கே சொல்லிக்கொள்கிறது. ஒரே செடியில் இருந்தாலும் இரண்டு கிளைகளுக்கு நடுவே உள்வழித் தொடர்பு பலவீனமாக இருக்கலாம். காற்று வழி சீக்கிரம். பக்கத்துச் செடி அதை ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவே. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. சொந்த வீட்டுக்காரர்களுக்குப் போட்ட சத்தத்தைப் பக்கத்து ஃபிளாட் கேட்பது நமக்குப் புதிதா என்ன?

ஒட்டுக்கேட்பது என்று சொன்னேன். இங்கேதான் நம் தென்னை வருகிறது.

அந்தக் காலத்தில் ஒரு டிமாண்ட் டிராஃப்ட் தாள் தொலைந்துபோனால் எல்லாக் கிளைகளுக்கும் எச்சரிக்கைச் சுற்றறிக்கை போகும். இந்த எண்ணில் வந்தால் பணம் கொடுக்காதே என்று. அது உறை போட்டு ஒட்டி வரும். செடியின் வாசனைக்கு உறை இல்லை. அஞ்சலட்டை மாதிரி, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குளவி படித்தால் செடிக்கு லாபம். திருடன் படித்தால்?

சிவப்புக் கூன்வண்டு அப்படிப் படிக்கிற திருடன். செம்பழுப்பு நிறம், ஒரு அங்குலத்துக்கு மேல் நீளம், யானைத் துதிக்கை மாதிரி வளைந்த மூக்கு. இது வெளியிலிருந்து வந்த பூச்சி இல்லை, நம் தெற்காசியப் பக்கத்துப் பூர்வீகம். 1980-களில் வளைகுடா நாடுகளுக்குப் போய் அங்கே பேரீச்சையை நாசம் செய்து, பிறகு மத்தியதரைக்கடல் ஓரம் வரை பரவிவிட்டது. தென்னையில் புதுக் காயம் இருந்தால் அதிலிருந்து சாறு கசியும். கசிந்த சாறு நம் ஊர் வெயிலில் சீக்கிரமே புளிக்கும். அப்போது எதில் அசிடேட் முதலான ஆவிகள் கிளம்பும். கள் வாடையும் பழ வாடையும் கலந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கீழே நின்றால் தெரியாது. வண்டுக்குத் தெரியும். இதில் மரம் தானாக அனுப்பிய சேதி எவ்வளவு, புளித்த சாற்றின் வாடை எவ்வளவு என்று பிரித்தால், பெரும்பகுதி பின்னதுதான். கடிதம் என்பதைவிட ரத்த வாடை என்பது பொருத்தம்.

வாடை பிடித்து முதலில் வரும் ஆண் வண்டு ஒரு வேலை செய்கிறது. ஃபெருஜினியால் என்ற தன் சொந்த வாசனையை விடுகிறது. இதை 1993-இல் கண்டுபிடித்தார்கள். ‘இங்கே சாப்பாடு இருக்கிறது, வாருங்கள்’ என்று ஆண், பெண் இரண்டையும் அழைக்கும் வாசனை. அந்த வாசனை மட்டும் என்றால் சுமாராகத்தான் வரும். மரத்தின் காய வாடையும் சேர்ந்தால் கூட்டம் கூட்டமாக வரும். பெண் வண்டு காயத்திலும் துளைகளிலும் முட்டை வைக்கும். ஒரு வண்டு இருநூறுக்கு மேல் வைக்கும். சில நாளில் பொரித்த புழுக்கள் உள்ளே குடைந்துகொண்டு போகும். தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். வேம்பு மாதிரி பக்கத்தில் துளிர்க்காது. குருத்துக்குப் புழு போய்விட்டால் மரத்தின் கணக்கு முடிந்தது. முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு மாதம். நாம் வெட்டியது அக்டோபர். சாறு வழிந்தது பிப்ரவரி. வங்கியில் வட்டி கணக்கு போட்டவன், இந்தக் கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். சரியாக வருகிறது.

இன்னொன்று. ஐந்து வயதிலிருந்து இருபது வயது வரையிலான தென்னையைத்தான் இந்த வண்டு அதிகம் விரும்பும். அதன் தண்டு மெத்து. நம் மரங்கள் அப்போது பன்னிரண்டு வயது. நாம் ஏழு மரத்திலும், ஒவ்வொன்றிலும் பதினைந்து இருபது பச்சைக் காயம் வைத்து, அடியில் படியும் கொத்தி, ஊருக்கே விருந்து அறிவித்தோம்.

மூன்றாவது மரம் செத்ததற்குக் காரணம் முழுக்க நான். முதல் மரம் விழுந்ததும் துண்டு போட்டு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போட்டோம். லாரி வாடகை அதிகம் கேட்டார்கள், இன்னும் இரண்டு இடத்தில் ரேட் கேட்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். மூன்று வாரம் கிடந்தது. அந்தத் துண்டுகளுக்குள் நார்க் கூட்டில் இருந்த புழுக்கள் வண்டாகி வெளியே வந்துவிட்டன. செத்த மரத்தை அன்றே பிளந்து எரிக்க வேண்டும், அல்லது ஆழமாகப் புதைக்க வேண்டும். சங்கத்துக்கு நான் மிச்சம் பிடித்தது எண்ணூறு ரூபாய்.

இப்போது நான்கு மரம் இருக்கிறது. மழை வரப்போகிறது. அதே வேலைக்கு, அதே வார்த்தைகளோடு ஒரு எஸ்டிமேட் கமிட்டியின் மேஜையில் இருக்கிறது. கார்க்காரர்களின் பயமும் இருக்கிறது, அது பொய்யில்லை. ஓலை தலையில் விழுந்தால் உயிர்ச் சேதம். வெட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்வது நமக்கும் போதும். காய்ந்து தொங்கும் மட்டையை மட்டும் எடுப்பது. அது தானாகவே கழலும், காயம் இல்லை. பச்சை மட்டையை வெட்டியே தீர வேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நான்கு அடி விட்டு வெட்டுவது. அழகாக இருக்காது, துடைப்பக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நான்கு அடிக் கட்டை காய்ந்து போவதற்குள் புழுவால் தண்டுக்குப் போய்ச் சேர முடியாது. படி கொத்துவது அறவே கூடாது. ஏணியோ மரம் ஏறும் கருவியோ வைத்திருப்பவர்தான் வேண்டும். தவறி எங்கே காயம் பட்டாலும் அன்றே தார் பூச வேண்டும். நாளைக்கு என்றால் வண்டு இன்று ராத்திரியே வரும். குருத்துக்குப் பக்கத்து மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து போடுவது. இது உண்மையில் காண்டாமிருக வண்டுக்காக. அந்த வண்டு குருத்தைத் துளைத்து வைக்கும் ஓட்டைக்குள்தான் கூன்வண்டு பின்னாலேயே குடிவருகிறது.

கார் கண்ணாடிக்கு என் யோசனை எளிது. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதம் தென்னை ஓரத்து ஆறு இடங்களில் கார் நிறுத்தாமல் விடுவது. அந்த ஆறு பேருக்கும் கிளப் அறைக்கு முன்னால் இடம் கொடுப்பது. அங்கே வழக்கமாக நிறுத்தும் விருந்தினர் கோபித்துக்கொள்வார்கள், கொள்ளட்டும்.

வாசனைப் பொறி பற்றி டி பிளாக் பொறியாளர் போன கூட்டத்தில் சொன்னார். ஆண் வண்டின் வாசனை வைத்த வாளி, ஆன்லைனில் கிடைக்கிறது, உள்ளே கரும்புச் சாறோ ஓலைமட்டைத் துண்டோ போட்டால் வண்டு விழும். நல்ல பொருள்தான், பெரிய தோப்புகளில், ஊரே சேர்ந்து வைக்கும்போது. நம்மிடம் ஒரு ஏக்கர்கூட இல்லை. மரம் நான்கு. சுற்றியுள்ள தோப்புகளின் வண்டுகளை எல்லாம் வாசனை காட்டி நாமே அழைத்து, அதில் வாளிக்குள் விழாதது நம் மரத்தில் உட்காரும். அவர் என்னோடு உடன்படவில்லை. வேலியை விட்டுத் தள்ளி, கிணற்று மூலையில் வைத்தால் என்ன என்கிறார். எனக்குத் துணிவில்லை. வாக்கெடுப்புக்கு விடலாம்.

கேள்வி நேரத்தில் பி பிளாக் அம்மா ஒருவர் கேட்டதை இங்கே எழுத வேண்டும். “அப்போ நான் தினம் கறிவேப்பிலை பறிக்கிறேனே, அதுக்கு வலிக்குமா?” என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. வலி என்பதற்கு நரம்பும் மூளையும் வேண்டும், செடிக்கு இரண்டும் இல்லை. கத்தி பட்டது தெரியும், அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ளும். தெரிவது வேறு, வலிப்பது வேறு. “எனக்கு என்னமோ இனிமே ராத்திரி பறிக்கத் தோணாது” என்றார். என் பாட்டியும் விளக்கு வைத்த பிறகு இலை பறிக்க விடமாட்டாள். காரணம் கேட்டால் செடி தூங்குகிறது என்பாள். அதற்கு என்னிடம் வேதியியல் விளக்கம் எதுவும் இல்லை.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சதுரங்கப்பட்டினத்துத் தம்பி கருவியோடு வருகிறார். காய்ந்த மட்டை மட்டும். ஒரு மரத்துக்கு அவர் கேட்கும் கூலி அந்த எஸ்டிமேட்டைவிட அதிகம், கமிட்டி சம்மதித்திருக்கிறது. தென்னை ஓரம் கார் வைத்திருப்பவர்கள் சனி இரவே எடுத்துவிடுங்கள். தார் டின்னும் வேப்பங்கொட்டைத் தூளும் ஸ்டோர் அறையில் வாங்கி வைத்திருக்கிறேன், பில் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. சாவி செக்யூரிட்டியிடம்.